கருப்பை அகநோக்கும் அகப்படலப் புற்றுநோயும்

1869ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் தியோமீது பந்தலேயோனி, அறுபது வயதுப் பெண் ஒருவரின் கருப்பைக்குள் குழலொன்றைச் செலுத்தி, விளக்கொளியின் துணையால் உள்ளே நோக்கினார். மாதவிடாய் நின்றுபோன அப்பெண்ணுக்குக் குருதிப்போக்கு நிற்கவில்லை. அதுவரை செய்த மருத்துவம் எதற்கும் அது கட்டுப்படவுமில்லை. கருப்பையின் உட்சுவரிலிருந்து எழுந்த சதைவளர்ச்சி ஒன்றை மருத்துவர் கண்டார். வெள்ளி நைத்திரேற்றைக் கொண்டு அதனைத் தீய்த்தார். கண்டதையும் செய்ததையும் இலண்டன் மருத்துவ இதழில் எழுதி வெளியிட்டார். கருப்பை அகநோக்கின் வரலாறு இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறது. மாதவிடாய் நின்றபின் தோன்றும் குருதிக்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு விடை காண்பது, ஒன்றரை நூற்றாண்டு கடந்த இன்றும் அதன் தலையாய பணிகளுள் ஒன்றாக விளங்குகிறது.

மருத்துவமனைகளில் ‘ஹிஸ்டெரோஸ்கோபி’ என வழங்கும் இவ்வாய்வு, கருப்பைப் புற்றுநோயைக் கண்டறிவதில் எவ்வளவு வல்லது? அதன் பார்வையை எந்த அளவுக்கு நம்பலாம்? எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது? இவற்றைத் தெளிவாக அறிந்தால்தான் நோயாளியும் மருத்துவரும் அதனை உரிய வேளையில் உரிய முறையில் பயன்கொள்ள முடியும்.

நோயும் அதன் முதற்குறியும்

கருப்பையின் உட்புறத்தை மூடி விரிந்திருப்பது அகப்படலம். மருத்துவர் இதனை எண்டோமெட்ரியம் என்பர். திங்கள்தோறும் தடித்து, கரு தங்காவிடில் உதிர்ந்து, மீண்டும் தழைப்பது இப்படலமே. ஈசுட்ரோசன் என்னும் இயக்குநீர் இதனை வளர்க்கிறது. புரோசெசுட்டரோன் அவ்வளர்ச்சிக்கு எல்லை வகுக்கிறது. எல்லை வகுப்பது குறைந்து, வளர்ப்பது மட்டும் பல்லாண்டு ஓங்கி நின்றால் படலம் அளவிறந்து தடிக்கும். அத்தடிப்பில் உயிரணுக்கள் வடிவம் பிறழும். பிறழ்ந்தவை சில காலப்போக்கில் புற்றாக மாறும்.

உடற்பருமன் இந்நோய்க்குப் பெருங்காரணமாவது இதனாலேயே. சூலகங்கள் ஓய்ந்த பின்னும் கொழுப்புத் திசு தன் பங்குக்கு ஈசுட்ரோசனை ஆக்கிக்கொண்டே இருக்கும். நீரிழிவு, சினைப்பை நீர்க்கட்டி நோய், மகப்பேறின்மை, மார்பகப் புற்றுக்குத் தரப்படும் தமாக்சிபென் மருந்து, குடும்பவழி வரும் லிஞ்சு நோய்த்தொகுதி ஆகியவையும் இடரைக் கூட்டுவன. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4,20,000 பெண்களுக்குக் கருப்பை உடற்பகுதிப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் அதனால் உயிரிழந்தனர்.

இந்நோயில் ஒரு நற்பேறு உண்டு: அது தொடக்கத்திலேயே குரல் கொடுத்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பருவத்தில் இப்புற்றுக்கு ஆளாகும் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குக் குருதிக்கசிவு தோன்றுகிறது. மறுதலையாக, அப்பருவத்தில் குருதி கசியும் பெண்கள் அனைவரையும் எடுத்துக்கொண்டால் அவர்களுள் புற்று உடையோர் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரே என்று 2018இல் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வு காட்டியது. எஞ்சியோருக்குக் காரணம் படலம் மெலிந்து நலிதல், தொங்குசதை எனப்படும் பாலிப், நார்த்திசுக் கட்டி போன்றவை. பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவரைப் பிரித்தறிவதே மருத்துவர் முன்னுள்ள பணி. கருப்பை வாய்ப் புற்றுக்காகச் செய்யப்படும் ‘பாப்’ ஆய்வு இப்பணிக்கு உதவாது. அது வாயிலைக் காக்குமேயன்றி அகத்தை ஆராயாது. ‘பாப் ஆய்வில் ஒன்றுமில்லை என்றார்களே’ என்று ஆறுதல் கொள்வது தவறு.

கண் காணாச் சுரண்டல்

புற்று என உறுதிப்படுத்தத் திசு வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிசு மருத்துவர் இரெக்காமியே கருப்பைச் சுரண்டியை அறிமுகப்படுத்தினார். கருப்பைக் கழுத்தை விரித்து, அகப்படலத்தைச் சுரண்டியெடுத்து ஆய்வுக்கு அனுப்பும் முறை அதன்பின் நூறாண்டுக்கு மேல் கோலோச்சியது. நம் ஊரில் ‘டி அண்ட் சி’ என்ற பெயரில் இதனை அறியாத குடும்பம் குறைவு. இருட்டறையைத் தடவித் தடவிப் பெருக்குவது போன்றதே இம்முறை. துடைப்பம் எந்த மூலையைத் தொட்டது, எதனைத் தொடவில்லை என்பது பெருக்குபவருக்கே தெரியாது.

இக்குறையை அளந்து காட்டிய ஆய்வுகள் உண்டு. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், கருப்பை நீக்கத்துக்கு முன்னர்ச் சுரண்டல் செய்து, நீக்கிய கருப்பையைப் பிளந்து பார்த்தனர். பத்தில் ஆறு பெண்களுக்குப் பாதிப் பரப்புக்கும் குறைவாகவே சுரண்டப்பட்டிருந்தது. 2001இல் சுவீடன் மருத்துவர்கள், மாதவிடாய் நின்றபின் குருதி கசிந்து, படலம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்த பெண்களுக்கு முதலில் அகநோக்கும் பின்னர்ச் சுரண்டலும் செய்து ஒப்பிட்டனர். ஓரிடத்தில் குவிந்து வளர்ந்த கோளாறு உடையோரில் 87 விழுக்காட்டினருக்கு, சுரண்டிய பின்னும் அக்கோளாறு முழுமையாகவோ பகுதியாகவோ உள்ளேயே எஞ்சி நின்றது.

பின்னர் வந்த ‘பிப்பெல்’ என்னும் மெல்லிய உறிஞ்சுகுழல், சுரண்டலுக்கு வேண்டியிருந்த உணர்விழப்பின் தேவையைப் போக்கியது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள இந்நெகிழிக் குழலைப் புறநோயாளர் பிரிவிலேயே செலுத்தித் திசுவை உறிஞ்சியெடுக்கலாம். 2000இல் வந்த தொகுப்பாய்வு, மாதவிடாய் நின்ற பெண்களின் அகப்படலப் புற்றை இது 99.6 விழுக்காடும், நிற்காதோரின் புற்றை 91 விழுக்காடும் கண்டறிவதாகக் கூறியது. படலம் முழுதும் பரவிய நோய்க்கு இதனினும் எளிய வழி இல்லை. ஆயினும் 1995இல் புற்று உறுதியான 65 பெண்களிடம் இதனைச் சோதித்தபோது 11 பேரின் நோய் அகப்படவில்லை. தவறியவற்றுள் பல, தொங்குசதை ஒன்றுக்குள் அடங்கியவை; அல்லது பரப்பின் மிகச்சிறு பகுதியில் ஒதுங்கியவை. பரவிய நோயை உறிஞ்சுகுழல் பிடிக்கும். ஒதுங்கிய நோயைக் கண் தேடிப் பிடிக்க வேண்டும். அகநோக்கு வேண்டப்படுவது இவ்விடத்தில்தான்.

ஒளி சென்ற வழி

உடலின் உள்ளறைகளுக்குள் ஒளியை அனுப்பும் முயற்சி 1806இல் பிராங்பர்ட்டு மருத்துவர் பிலிப் பொசினியிடமிருந்து தொடங்குகிறது. மெழுகுவத்தியும் கண்ணாடியும் கொண்ட ‘ஒளிகடத்தி’யை அவர் அமைத்தார். 1853இல் பிரெஞ்சு மருத்துவர் தெசோர்மோ, சாராயமும் கர்ப்பூரத்தைலமும் கலந்த எரிநெய் விளக்கைப் பொருத்தினார். டப்ளின் மருத்துவர் பிரான்சிசு குரூசு அதனை மேலும் சீர்செய்தார். பந்தலேயோனி கையாண்டது குரூசின் வழிவந்த கருவியையே.

எனினும் கருப்பை எளிதில் இடம் தரவில்லை. சிறுநீர்ப்பை நீரால் தானே விரியும். கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை. தடித்த தசை அவற்றை விரியவிடாது; தொட்ட இடத்தில் குருதி கசிந்து பார்வையை மறைக்கும். 1925இல் நியூயார்க்கில் இரூபின் கரியமில வளியைச் செலுத்தி அறையை விரித்தார். 1928இல் செருமனியின் கவுசு நீரைச் செலுத்தினார். பின்னர் ஆங்கில இயற்பியலர் அரோல்டு ஆப்கின்சு வகுத்த கோல்வில்லை அமைப்பும், குளிரொளியைக் கடத்தும் கண்ணாடி இழைகளும் சேர்ந்து, மெல்லிய குழலிலும் தெளிந்த உருவத்தைத் தந்தன. 1997இல் இத்தாலியின் பாரி நகர மருத்துவர் பெத்தோக்கியும் அவர் குழுவினரும், விரிகருவியும் பற்றுகருவியும் இன்றி, பிறப்புறுப்பு வழியை உப்புநீராலேயே விரித்துக் கொண்டு உட்செல்லும் முறையை வெளியிட்டனர். அறுவை அரங்கில் நடந்த ஆய்வு புறநோயாளர் அறைக்கு வந்து சேர அது பெருந்துணை புரிந்தது.

அகநோக்கு நடக்கும் முறை

இன்று பெரிதும் பயன்படும் குழல், புற உறையையும் சேர்த்து 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதன் முனையிலுள்ள வில்லை 30 பாகை சாய்ந்திருக்கும். குழலைச் சற்றுத் திருப்பினாலே பக்கச் சுவர்கள் பார்வைக்குள் வந்துவிடும். உறையின் ஒரு வழியே உப்புநீர் உட்செல்லும். மறுவழியே குருதியும் கழிவும் கலந்த நீர் வெளியேறும். மூன்றாவதாக உள்ள நுண்வழியில், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள இடுக்கியையோ கத்தரியையோ செலுத்தலாம்.

ஆய்வுக்கு ஒரு மணி நேரம் முன்பு வலிநீக்கி மாத்திரை தருவது வழக்கம். உப்புநீர் விரித்துக் கொடுக்கும் பாதையைத் திரையில் பார்த்தவாறே மருத்துவர் கருப்பைக் கழுத்தைக் கடந்து உள்ளே செல்கிறார். முதலில் முழு அறையும் ஒரே காட்சியில் தெரியும். அடுத்து வலப்புறக் கருக்குழல் வாய், இடப்புறக் கருக்குழல் வாய், மேற்கூரை, முன்சுவர், பின்சுவர் என ஒவ்வொன்றாக நோக்கி, திரும்பும்போது கழுத்தின் உட்புறத்தையும் ஆராய்கிறார். பெரும்பாலோருக்கு இது சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதவிடாய் வலியை ஒத்த பிடிப்பு வலி பலருக்கும் உண்டு. சிலருக்குத் தலைசுற்றல் வரலாம். மாதவிடாய் நின்று பல்லாண்டு ஆனோருக்குக் கழுத்து சுருங்கி இறுகியிருப்பதுண்டு. அப்போது உள்ளிட உணர்விழப்போ முழு உணர்விழப்போ தேவைப்படும். கருப்பைச் சுவரில் துளை விழுதல், தொற்று ஆகிய தீங்குகள் அரிதாகவே நேர்கின்றன.

கண் காண்பதும் அதன் எல்லையும்

மாதவிடாய் நின்ற நலமான கருப்பையின் அகம் வெளிறி, மெலிந்து, வழவழப்பாகத் தோன்றும். நுண்குழாய்கள் ஒழுங்காகக் கிளைத்துச் செல்வது அப்படலத்தின் ஊடே தெரியும். புற்று அவ்வொழுங்கைக் குலைக்கிறது. மேற்பரப்பு மேடுபள்ளமாகும், விரல்விரலாகவோ மடிப்புமடிப்பாகவோ சதை எழும், ஆங்காங்கே திசு மடிந்து வெண்மையாகவோ பழுப்பாகவோ தோன்றும். உப்புநீரின் விசை பட்டாலே சில துண்டுகள் உதிரும். குழலின் முனை பட்டாலே குருதி பெருகும். எல்லாவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது குருதிக்குழாய்களின் போக்கு. அவை திருகித் திருகி ஓடும், திடீரெனத் தடித்து, திடீரென மெலியும், நெறியின்றிக் கிளைக்கும். பழகிய கண்ணுக்கு இக்குழாய்களே முதல் எச்சரிக்கை.

அப்படியானால் கண்டதை வைத்தே தீர்ப்புரைக்கலாமா? 2002இல் 65 ஆய்வுகளையும் 26,346 பெண்களையும் உள்ளடக்கி வெளிவந்த தொகுப்பாய்வு இவ்வினாவை எண்களால் எடைபோட்டது. புற்று உள்ளோரில் 86.4 விழுக்காட்டினரை அகநோக்கு சரியாகச் சுட்டியது. புற்று இல்லாதோரில் 99.2 விழுக்காட்டினரை ‘இல்லை’ எனச் சரியாக விடுவித்தது. ஆய்வுக்கு வந்த பெண்களிடையே புற்றுக்கான வாய்ப்பு 3.9 விழுக்காடு. காட்சி புற்றெனத் தோன்றினால் அவ்வாய்ப்பு 71.8 விழுக்காடாக உயர்ந்தது. நலமெனத் தோன்றினால் 0.6 விழுக்காடாகத் தாழ்ந்தது.

இவ்வெண்கள் இருமுனையும் பேசுகின்றன. புற்றெனத் தோன்றிய நூறு பேரில் ஏறத்தாழ இருபத்தெட்டுப் பேருக்குப் புற்று இல்லை. ஆகவே தோற்றத்தை மட்டும் நம்பிக் கருப்பையை நீக்குவது முறையன்று. மறுபுறம், புற்றுடைய நூறு பேரில் ஏறத்தாழ பதினான்கு பேரின் நோய் கண்ணுக்குத் தப்பியது. தொடக்கநிலைப் புற்றையும், உயிரணுக்கள் வடிவம் பிறழ்ந்த தடிப்பாகிய பிறழ்நிலை மிகைவளர்ச்சியையும் வெறும் தடிப்பிலிருந்து கண்ணால் பிரிப்பது கடினம். ஆகவே ‘பார்த்தேன், நன்றாக இருக்கிறது’ என்று திசு எடுக்காமல் விடுவதும் முறையன்று. நோய் தசைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதையும் அகநோக்கு காட்டாது. அதனை அறியக் காந்த ஒத்ததிர்வுப் படம் வேண்டும்.

குறிபார்த்து எடுக்கும் திசு

கண்ணுக்கு உரிய பணி இடம் காட்டுவது. தீர்ப்பு நுண்ணோக்கிக்கு உரியது. இவ்விரண்டையும் இணைப்பதே அகநோக்கின் உண்மைப் பயன். பிறழ்ந்த இடத்தைக் கண்டதும் மருத்துவர் நுண்ணிடுக்கியின் தாடைகளைத் திறந்து படலத்தில் பதிக்கிறார். திறந்தவாறே ஏறத்தாழ அரை சென்டிமீட்டரோ சற்றுக் கூடுதலாகவோ முன்னே உழுது செல்கிறார். அதன்பின்னரே தாடைகளை மூடுகிறார். வெறுமனே கடித்தெடுத்தால் கிடைப்பதைவிட இவ்வாறு மிகுதியான திசு கிடைக்கும். பற்றிய திசுவை நுண்வழியின் ஊடே இழுத்தால் பாதி உதிர்ந்து போகும். எனவே இடுக்கியைக் குழலின் முனையிலேயே நிறுத்தி, கருவி முழுவதையும் ஒருசேர வெளியே எடுக்கிறார். தொங்குசதை இருந்தால் அடியோடு வெட்டியெடுத்து முழுமையாக அனுப்புதல் நன்று. புற்று அதன் நுனியிலும் இருக்கலாம், அடியிலும் இருக்கலாம்.

எடுத்த திசு போதிய அளவில் இருப்பது முன்னெப்போதினும் இன்று தேவை. புற்றின் வகையையும் தரத்தையும் கூறுவதோடு, ‘பி53’, ‘போல்’ முதலிய மரபணுக் குறிகளையும் நோயியலர் இன்று அத்திசுவிலேயே தேடுகிறார். நோய் எந்நிலையில் உள்ளது என வகுக்கும் பன்னாட்டு நிலைப்பகுப்பு, 2023இல் திருத்தப்பட்டபோது இக்குறிகளுக்கு இடம் தந்துள்ளது. பிறழ்நிலை மிகைவளர்ச்சி என்று மட்டும் முடிவு வந்த நிலையிலும் விழிப்புத் தேவை. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வில், அம்முடிவுடன் கருப்பை நீக்கம் செய்துகொண்ட பெண்களில் 42.6 விழுக்காட்டினருக்குக் கருப்பையில் புற்றும் உடனிருந்தது. முதலில் எடுத்த திசு நோயின் முழு உருவைக் காட்டவில்லை என்பதே இதன் பொருள்.

மகப்பேற்றை விரும்பும் இளம்பெண்களுக்கு இக்கருவி மேலும் ஒரு பணி ஆற்றுகிறது. தசைக்குள் இறங்காத, தரம் தாழ்ந்த புற்று என உறுதியானால், தேர்ந்தெடுத்த சிலருக்குக் கருப்பையை நீக்காமல், புற்றையும் அதனைச் சூழ்ந்த படலத்தையும் அடியிலுள்ள மெல்லிய தசையையும் தனித்தனியே அகநோக்கின் வழியாக வெட்டியெடுத்து ஆராய்ந்து, பின்னர்ப் புரோசெசுட்டரோன் வகை மருந்து தருவதுண்டு. நோய் தணிந்ததா என்பதை அறியவும் மீண்டும் மீண்டும் அகநோக்கும் திசு ஆய்வும் செய்தல் வேண்டும்.

உப்புநீர் பற்றிய ஐயம்

கருப்பையை விரிக்கும் நீர், கருக்குழல்கள் வழியே வயிற்றறைக்குள் புற்றணுக்களை அடித்துச் சென்றுவிடாதா என்னும் ஐயம் நெடுநாளாக உண்டு. அது பொய்யான அச்சமன்று. அகநோக்குக்குப் பின் வயிற்றறை நீரில் புற்றணுக்கள் தென்படும் வாய்ப்புக் கூடுவதைத் தொகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. ஆயின் அவ்வாறு சென்ற அணுக்கள் அங்கே வேரூன்றி நோயாளியின் வாழ்நாளைக் குறைக்கின்றன என்பது உறுதிப்படவில்லை. 1988ஆம் ஆண்டின் நிலைப்பகுப்பில் வயிற்றறை நீரில் புற்றணு இருப்பதே மூன்றாம் நிலையாகக் கொள்ளப்பட்டது; 2009இல் அவ்விதி நீக்கப்பட்டது. எனினும் புற்று என ஐயம் எழுந்தால் நீரின் அழுத்தத்தைப் பார்வைக்குப் போதுமான குறைந்த அளவில் வைப்பதும், ஆய்வை விரைந்து முடிப்பதும் நல்ல மருத்துவர் கடைப்பிடிக்கும் நெறி.

எவருக்கு, எப்போது

குருதி கசியும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல்நாளே அகநோக்கு வேண்டியதில்லை. மாதவிடாய் நின்றோருக்கு, ‘ஸ்கேன்’ எனப்படும் மீயொலி ஆய்வைப் பிறப்புறுப்பு வழியே செய்து படலத்தின் தடிப்பை அளப்பது வழக்கமான முதற்படி. தடிப்பு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ எனில் புற்றுக்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அதற்கு மேற்பட்டால் திசு எடுக்க வேண்டும். மாதவிடாய் தொடரும் பெண்களுக்கு இவ்வளவுகோல் பொருந்தாது; அவர்களின் படலம் திங்களுக்குள்ளேயே ஏறி இறங்கும்.

அகநோக்கு கட்டாயமாகும் இடங்கள் சில. மீயொலி ஆய்வில் ஓரிடத்துத் தடிப்போ தொங்குசதையோ தெரிதல். உறிஞ்சுகுழலில் போதிய திசு கிடைக்காமை. திசு முடிவு நலமெனச் சொல்லியும் குருதி மீண்டும் மீண்டும் கசிதல். மூன்றாவதை யாரும் எளிதாகக் கொள்ளலாகாது. அகப்படலப் புற்றுகளுள் கொடிதான சீரசு வகை, மெலிந்து நலிந்த படலத்திலோ சிறு தொங்குசதையின் மீதோ தோன்றக்கூடியது. படலம் மெலிதாக இருப்பது அதற்குத் தடையாகாது.

கருப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டறியப்பட்டால் இந்நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் ஐந்தாண்டு கடந்தும் நலமாக வாழ்கின்றனர். கருவிகள் உள்ளன, முறைகள் தெளிவாக உள்ளன, காலம் வீணாவது பெரும்பாலும் வீட்டில்தான். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி குருதி கண்டாலும் அதனைச் சூடு என்றோ, வயதின் இயல்பு என்றோ, ஒருமுறைதானே வந்தது என்றோ தள்ளிப் போடாதீர்கள். மகளிர் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆய்வு முடிந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியும் குருதி மீண்டும் தோன்றினால், ‘உள்ளே பார்த்துத் திசு எடுத்தீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை.